கழுவாமல் கொண்டுபோன துப்பாக்கி

என் துப்பாக்கி பழசு இல்லை. இதை எத்தனை பேருக்கு எத்தனை தடவை சொல்லியிருப்பேன் என்று எனக்கே கணக்கில்லை. பார்க்கிறவர்களுக்கு அது யாரோ ஒரு வெள்ளைக்காரனின் பாட்டன் காலத்துச் சாமான் மாதிரித்தான் தெரியும். இரட்டைக் குழல். கட்டையில் கொடி பின்னிய செதுக்கல். மேலே ஆட்டுக்கிடாவின் கொம்பு போல வளைந்த இரண்டு குதிரைகள். தோட்டா போட முடியாது. குழலின் வாய் வழியாகக் கருமருந்தைக் கொட்ட வேண்டும், தேங்காய்த் தும்பைத் திணித்துக் கோலால் இடிக்க வேண்டும், ஈயச் சன்னத்தைப் போட்டு மேலே இன்னொரு தும்பு. பிறகு குதிரைக்குக் கீழே இருக்கிற சின்ன மூக்கில் குட்டித் தொப்பி மாதிரி ஒரு செப்புக் கெப்பை மாட்ட வேண்டும். விசையை இழுத்தால் குதிரை அந்தக் கெப்பில் விழும், வெடி.

எல்லாம் நூறு வருஷத்துக்கு முந்திய ஏற்பாடு. ஆனால் அதைச் செய்தது ஸ்பெயின் தேசத்தில், நான் பள்ளிக்கூடம் போய்க்கொண்டிருந்த காலத்தில். பழைய மாதிரியை வைத்துக்கொண்டு புதிதாகச் செய்த துப்பாக்கி. குழலுக்கு அடியில் சோதித்துப் பார்த்ததற்கான முத்திரை உண்டு. என்னைவிட வயதில் இளையது.

தேயிலைத் தோட்டங்களை அரசாங்கம் எடுக்கப் போகிறது என்ற பேச்சுக் கிளம்பியதும் எங்கள் தோட்டத்து வெள்ளைக்காரத் துரை தன் ஊருக்குப் புறப்பட்டார். பங்களாச் சாமான்களைப் பிரித்துக் கொடுத்தார். நாய் சமையல்காரருக்கு. சுவர்க் கடிகாரம் பெரிய கிளாக்கருக்கு. துப்பாக்கி எனக்கு. அதற்குக் காரணம் என் வாய்தான். அப்பா தேயிலைத் தொழிற்சாலையில் பிட்டர். பங்களாவில் தண்ணீர்ப் பம்பு கெட்டபோது அவரோடு நானும் போயிருந்தேன். பண்டாரவளையில் படித்து, சோதனை பாஸ் பண்ணி, வாத்தியார் வேலைக்கு விண்ணப்பம் போட்டுவிட்டு, கால் ஓர் இடத்தில் நிற்காமல் அலைந்துகொண்டிருந்த காலம் அது. சுவரில் மாட்டியிருந்ததைப் பார்த்ததும், "சார், இது பழசா, பழசு மாதிரிச் செய்ததா?" என்று எனக்குத் தெரிந்த இங்கிலீஷில் கேட்டுவிட்டேன். துரை விழுந்து விழுந்து சிரித்தார். அத்தனை வருஷத்தில் அந்தக் கேள்வியைக் கேட்ட ஒரே ஆள் நான்தானாம்.

கேட்டதற்குப் பரிசு கிடைத்தது. அதையே இன்னொருவர் என்னிடம் கேட்டபோது நடந்ததைத்தான் எழுத வந்தேன்.

எங்கள் குடும்பத்துக்குப் பிரஜாவுரிமை இருந்தது. லயத்தில், அதாவது ஒற்றை அறைக் காம்பிராக்கள் வரிசையாக ஒட்டி நின்ற எங்கள் குடியிருப்பில், அது ஏழெட்டுப் பேருக்குத்தான் இருந்தது. அதனால் துரையின் கடிதத்தை வைத்து என் பெயரில் லைசன்ஸ் எழுதிக் கொடுத்தார்கள், பயிர்ப் பாதுகாப்புக்கு என்று. அந்த முதல் வருஷம் கடிதத்தைத்தான் பார்த்தார்கள். துப்பாக்கியை யாரும் பார்க்கக் கேட்கவில்லை.

அப்பா அதைக் கையில் வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"சாமான் நல்ல சாமான்தான். இத வச்சி என்னா செய்யப் போற?"

"பன்னி அடிக்கப் போறேன்ப்பா."

"பன்னி ஒன்னய அடிக்காம இருந்தாச் சரி."

பெட்டிக்குள் ஓர் இங்கிலீஷ் கையேடு இருந்தது. பன்னிரண்டு பக்கம். அகராதியை மடியில் வைத்துக்கொண்டு அதை வரிவரியாகப் படித்தேன். படித்ததை அடுத்த காம்பிராவுக்கும் அதற்கடுத்த காம்பிராவுக்கும் விளக்கினேன். கேட்காதவர்களுக்கும் விளக்கினேன். எந்தப் புதிய விஷயத்தையும் நான் அப்படித்தான் தூக்கிக்கொண்டு திரிவேன்.

கையேட்டில் தடித்த எழுத்தில் இருந்தது ஒரே ஒரு விஷயம். சுட்ட அன்றே கழுவ வேண்டும். கருமருந்து எரிந்தால் குழலுக்குள் கறுப்பாக ஒரு பசை படிகிறது. அது காற்றிலிருந்து ஈரத்தை இழுக்கும். ஈரம் பட்ட இரும்பு ஒரே ராத்திரியில் துருப்பிடிக்கத் தொடங்கும். எங்கள் அப்புத்தளைப் பக்கத்தில் மூடுபனி ஜன்னல் வழியாக வந்து பாயை நனைக்கும். கருமருந்துக்கு இதைவிடக் கெட்ட ஊர் உலகத்தில் இருக்காது.

எண்ணெய் போட்டால் போதாது. கொதிக்கிற வெந்நீர் வேண்டும். ஆப்பைத் தட்டிக் குழலைக் கட்டையிலிருந்து கழற்றி, வாய் வழியாக ஊற்றினால், கெப்பு மாட்டுகிற மூக்கு வழியாகத் தண்ணீர் பீச்சும். முதலில் மசிபோல் வரும், கூழ்முட்டை நாற்றத்தோடு. அப்புறம் சாம்பல் நிறம். அப்புறம் தெளிந்துவிடும். தண்ணீர் நன்றாகக் கொதித்திருந்தால் இரும்பும் சூடாகித் தானே உலரும். வெதுவெதுப்பாக ஊற்றுவதைவிட ஊற்றாமல் இருப்பதே மேல். பிறகு பழைய பிளனல் துணியைக் கோலில் சுற்றித் தேங்காயெண்ணெய் தடவுவேன். அந்தக் கோலில் இரண்டு கீறல் போட்டு வைத்திருந்தேன். உள்ளே விட்டுப் பார்க்கும்போது மேல் கீறல் வரைக்கும் இறங்கினால் குழல் காலி. கீழ்க் கீறலோடு நின்றால் மருந்து இருக்கிறது.

வெந்நீருக்கு விறகு வேண்டுமே. எங்கள் வீட்டு அடுப்பில் அம்மா விடமாட்டார். அடுத்த காம்பிராவில் ஓர் அக்கா இருந்தார். கொழுந்து பறிக்கிறவர். புருஷன் இல்லை, மூன்று பிள்ளைகள். என் கேத்தலை வாங்கித் தன் அடுப்பில் வைப்பார். பஞ்சம் வந்த பிறகு வாங்குகிறபோது ஒரு வார்த்தை சொல்வார்.

"அடுப்பு சும்மாதான் தம்பி இருக்கு. துப்பாக்கியாச்சும் சூடா குடிக்கட்டும்."

ஆம், பஞ்சம். கூப்பன் அரிசி குறைந்தது. கோதுமை மா குறைந்தது. கடைகளில் சீனி கிடையாது. தோட்டத்தில் வேலை நாளையும் குறைத்தார்கள். வேலைக்குப் போகிற தாய்மார் பிள்ளைகளை விட்டுப்போகிற பிள்ளைக்காம்பிராவில் தொட்டில்களில் கிடந்த பிள்ளைகளின் அழுகைச் சத்தம் மெலிந்துகொண்டே வந்தது. நிலம் உள்ளவன் எதையாவது ஊன்றிக்கொண்டான். லயத்துக்காரனுக்கு நிலம் ஏது? நாங்கள் பலபேர் போய் நின்று கெஞ்சினோம். புதிதாக வந்திருந்த துரை, மலை உச்சியில் தேயிலை பட்டுப்போன ஒரு மூலையைக் காட்டி மரவள்ளி நட்டுக்கொள்ளச் சொன்னார். பத்தனை என்கிற மலைப் புல்வெளியை ஒட்டிய இடம். காட்டுப்பன்றிகள் அந்தப் புல்லைத் தாண்டித்தான் வரும்.

குழாயடியில் அதைப் பற்றிப் பேச்சு நடந்தது. அக்காதான் வாயைத் திறந்தார்.

"நட்டு என்னா செய்யிறது? நம்ம பாடுபட்டு, பன்னிக்கு விருந்து வைக்கவா?"

"நான் இருக்கேன்க்கா. துப்பாக்கி இருக்கு. ஒரு கெழங்கு போவாது."

"பத்து மாசம் தம்பி. பயிர் நிக்கிற பத்து மாசமும் இருப்பீங்களா? வாத்தியார் வேல வந்தா பறந்துருவீங்களே?"

"வந்தாலும் கெழங்கு தோண்டிட்டுத்தான் போவேன்."

நாலு பேர் கேட்கச் சொன்னேன். அதை நம்பிப் பன்னிரண்டு காம்பிராக்காரர்கள் மரவள்ளித் தடி ஊன்றினார்கள். அக்காவின் பாத்திதான் பெரிது. பத்தனையை ஒட்டிய முதல் பாத்தியும் அதுதான். "துப்பாக்கிக்குப் பக்கத்துல இருக்கட்டும்" என்றார்.

எட்டு மாசம் காவல் இருந்தேன். பொழுது சாய்கிற நேரம் ஒரு தடவை, விடிகிற நேரம் ஒரு தடவை. பனியில் கெப்பு நனைந்து பாதி நாள் வெடிக்காது. வெடித்தாலும் பெரும்பாலும் புகைதான். ஆனால் பன்றிகளுக்கு அந்தச் சத்தமும் கூழ்முட்டை நாற்றமும் போதுமாக இருந்தன. எட்டு மாசத்தில் ஒரு தூர்கூடப் போகவில்லை. எனக்குத் தலை கால் தெரியவில்லை.

வருஷ முடிவில் லைசன்ஸைப் புதுப்பிக்க வேண்டும். அந்த வருஷம் துப்பாக்கியையும் கொண்டுவரச் சொல்லியிருந்தார்கள். போகிற அன்று விடிகிறபோது வழக்கம்போல மேலே போனேன். அன்றைக்குத்தான் முதல் தடவையாக ஒரு பன்றி விழுந்தது. இரண்டு குழலும் சுட்டேன்.

விழுந்த பன்றியை லயத்து முற்றத்துக்கு இழுத்து வந்தார்கள். எங்கள் பக்கத்தில் ஒரு முறை இருக்கிறது. சுட்டவன் கையால்தான் முதல் பங்கு எடுத்துக் கொடுக்க வேண்டும். அவன் கொடுக்காமல் யாரும் தொடமாட்டார்கள். காலை வேலைக்கு ஆள் பிரிக்கிற பெரட்டுக்குக் கூப்பிட்டுத் தப்பு மேளம் அடித்தும் யாரும் நகரவில்லை. நான் நடுவில் நின்றேன். ஈரலை எடுத்து அக்காவின் கடைசிப் பிள்ளை கையில் வைத்தேன். எந்த இடத்தில் நின்றேன், எந்தக் குழல் முதலில் வெடித்தது, பன்றி எப்படித் திரும்பியது என்று மூன்று தடவை சொன்னேன். நாலாவது தடவை சொல்லிக்கொண்டிருந்தபோது அப்பா வந்தார்.

"ரயிலுக்கு நேரமாச்சி. துப்பாக்கியக் கழுவினியா?"

"கேத்தல் வைக்கவே இல்லப்பா. சாயங்காலம் வந்து கழுவிக்கிறேன்."

"எனக்குப் பாடம் சொன்னது நீதான். சுட்ட அன்னைக்கே கழுவணும்னு."

"சாயங்காலமும் அதே நாள்தானேப்பா!"

சட்டைப் பையில் கையேட்டைச் செருகிக்கொண்டு, துப்பாக்கியைச் சாக்கில் சுற்றிக்கொண்டு பதுளை ரயிலுக்கு ஓடினேன்.

லைசன்ஸ் கொடுக்கிற அரசாங்கக் கந்தோரின் விறாந்தையில் வரிசை நின்றது. எனக்கு முன்னால் ஒரு முஸ்லிம் கடைக்காரர், நாங்கள் நானா என்று கூப்பிடுகிறவர்களில் ஒருவர். மொனராகலைப் பக்கம் அவருக்குச் சோளக் காணி இருந்தது. அவர் கையில் இருந்ததும் வாய்வழி மருந்து போடுகிறதுதான். ஆனால் குழல் தண்ணீர்க் குழாய் மாதிரி இருந்தது. கட்டையோடு சேர்த்துக் கம்பியால் கட்டியிருந்தது. மேசைக்குப் பின்னால் ஒரு கிளாக்கர், பக்கத்தில் ஒரு பொலிஸ் இன்ஸ்பெக்டர். அந்த வருஷம் இரண்டு வகை வைத்திருந்தார்கள். பயிர்க் காவலுக்கு வைத்திருக்கிற பழைய வாய்வழித் துப்பாக்கி என்றால் அங்கேயே முத்திரை குத்திக் கையில் கொடுத்துவிடுவார்கள். மற்றது எதுவானாலும் விசாரணைக்கு, பொலிஸ் காவலில்.

நானாவின் முறை வந்தது. பழசா என்று கேட்டார்கள். "எங்கட வாப்பாட காலத்துச் சாமான் சேர்" என்றார். முத்திரை விழுந்தது.

இன்ஸ்பெக்டர் என்னுடையதை வாங்கினார். குதிரையைத் தடவினார். செதுக்கலைப் பார்த்தார். முகம் மலர்ந்துவிட்டது. "அருமையான பழைய துவக்கு" என்று சிங்களத்தில் கிளாக்கரிடம் சொன்னார். கிளாக்கர் முத்திரையை மையில் ஒற்றிவிட்டார். கை மேலே எழுந்துவிட்டது. இன்ஸ்பெக்டர் என்னைப் பார்த்து, பேச்சுக்காகத்தான், "நூறு வருஷம் இருக்குமா?" என்று கேட்டார்.

ஆமாம் என்று சொல்லியிருக்கலாம். சும்மா சிரித்திருந்தாலே போதும்.

"இல்லைங்க சேர், இது பழசு இல்ல. எல்லாரும் அப்படித்தான் ஏமாறுவாங்க. இது பழைய மாதிரியப் பாத்து இப்ப செஞ்சது" என்றேன், எனக்குத் தெரிந்த சிங்களத்தில். அதோடு விட்டேனா? ஆப்பைத் தட்டிக் குழலைக் கழற்றி அடியில் இருந்த முத்திரையைக் காட்டினேன். பையிலிருந்து கையேட்டை எடுத்து மேசையில் விரித்தேன். முதல் பக்கத்தில் அச்சிட்ட வருஷம் இருந்தது. அதன் மேல் விரலை வைத்தேன்.

கிளாக்கரின் கை கீழே இறங்கியது.

"புதுசு என்றால் வெளிநாட்டிலிருந்து கொண்டுவந்ததற்கான அனுமதிக் கடிதம் எங்கே?" என்றார் இன்ஸ்பெக்டர்.

"அது துரைகிட்ட, சேர்."

"துரை எங்கே?"

"இங்கிலாந்துல."

அவர் கோபப்படவில்லை. அதுதான் எனக்கு இன்றைக்கும் ஆறவில்லை. கெட்ட மனிதர் இல்லை. ஒரு நூலை எடுத்து விசைக்காப்பில் கட்டி அட்டை தொங்கவிடச் சொன்னார். விசாரணை முடிந்ததும் வரும் என்றார்.

அப்போதுதான் குழலுக்குள் இருந்தது ஞாபகம் வந்தது.

"சேர், காலையில சுட்டது. கழுவல. வீதிக்கு அந்தப் பக்கம் தேத்தண்ணிக் கடை இருக்கு. ஒரு கேத்தல் வெந்நீர் வாங்கிட்டு வாறேன். ஊத்திட்டுக் குடுத்துர்றேன். அஞ்சு நிமிஷம்."

இன்ஸ்பெக்டர் முதலில் விளங்காமல் பார்த்தார். பிறகு சிரித்தார். "துவக்குக்குத் தேத்தண்ணி கொடுக்கப் போறியா?"

பக்கத்தில் நின்ற கான்ஸ்டபிள் விடவில்லை. "சீனி போட்டா, போடாமலா?"

சீனி கண்ணில் படாத வருஷம். வரிசை முழுக்கச் சிரித்தது. அட்டை கட்டிய சாமானை யாரும் தொடக்கூடாது என்று சொல்லி உள்ளே கொண்டுபோனார்கள்.

வாசலில் நானா எனக்காக நின்றிருந்தார்.

"ஏன் தம்பி, ஒங்களுக்கு வாய் சும்மா நிக்காதா?"

"உண்மையத்தானே நானா சொன்னேன்."

"யாரு கேட்ட ஒங்களுட்ட உண்மைய? இந்தா, எண்ட துவக்கு போன வருஷம் பட்டறையில அடிச்சது. குழாயக்கூட நான்தான் வாங்கிக் குடுத்த. வாப்பாட காலம்ண்டு சென்னேன், முடிஞ்சிட்டு. படிச்ச புள்ளைக்கு அது வருதில்லையே!"

மத்தியான ரயிலில் வெறும் சாக்கை மடித்து மடியில் வைத்துக்கொண்டு திரும்பினேன். காலையில் பங்கு கொடுத்த முற்றத்திலேயே சொல்ல வேண்டியிருந்தது. இரத்தக் கறையைச் சாம்பல் போட்டுக் கூட்டியிருந்தார்கள்.  கிழங்கு தோண்ட இன்னும் எத்தனை நாள் என்று அக்கா கேட்டார். இரண்டு மாசம் என்றேன்.

பன்றிகளுக்கு இரண்டு வாரம் போதுமாக இருந்தது. தகரம் தட்டினோம். ஈர விறகில் புகை போட்டோம். முள் வெட்டிக் கட்டினோம். முதல் நாள் வந்தது அக்காவின் பாத்திக்கு. காலையில் போய்ப் பார்த்தால் உழுது போட்ட மாதிரி இருந்தது. மிச்சத்தையாவது எடுப்போம் என்று எல்லாரும் விரல் தடிமன் கிழங்கைத் தோண்டினார்கள். அவித்தால் நார். பிள்ளைகள் அதையும் சப்பினார்கள்.

நான் பொலிஸுக்கு மூன்று தடவை நடந்தேன். விசாரணை முடியவில்லை. உள்ளே வந்து வெந்நீர் ஊற்றவாவது விடுங்கள் என்று கேட்டேன். "எல்லாத் துவக்கும் ஒரே மாதிரித்தானே இருக்கு, உன்னுடையதுக்கு மட்டும் என்ன?" என்றார்கள். எனக்கு மட்டும்தான் அது என்னவென்று தெரிந்திருந்தது. தெரிந்து என்ன?

மாசி மாசம் அக்காவின் கடைசிப் பிள்ளை வயிற்றோட்டத்தில் போனது. ஈரலைக் கையில் வாங்கிய பிள்ளை. மரவள்ளி இருந்திருந்தால் பிழைத்திருக்கும் என்று நான் எழுதமாட்டேன். கிழங்கு இருந்த வீடுகளிலும் அந்த வருஷம் பிள்ளைகள் போயின. அப்படி எழுதினால் துப்பாக்கிக்கு இல்லாத பெருமையைக் கொடுத்ததாக ஆகும், எனக்கும்தான். ஆனால் இல்லை என்றும் எழுத எனக்குக் கை வரவில்லை.

வவுனியாப் பக்கம் காடு வெட்டுகிற வேலை இருக்கிறது, சோறு கிடைக்கிறது என்று குடும்பம் குடும்பமாகப் போய்க்கொண்டிருந்தார்கள். அக்காவும் மிச்சம் இரண்டு பிள்ளைகளோடு புறப்பட்டார். மூட்டையைத் தூக்கிக்கொண்டு பஸ் பாதை வரைக்கும் போனேன். ஏச்சு வாங்கத் தயாராகத்தான் போனேன். ஏசவில்லை. பஸ் வந்த பிறகு, மூட்டையை என் கையிலிருந்து வாங்கிக்கொண்டு, விளங்காத ஒன்றைக் கேட்கிற மாதிரித்தான் கேட்டார்.

"ஏன் தம்பி, பழசுன்னு சொல்லியிருந்தா நீங்க என்னா கொறஞ்சா போயிருப்பீங்க?"

பதில் இருந்தது. குறைந்துதான் போயிருப்பேன். அந்த விறாந்தையில் நின்ற அத்தனை பேரில் எனக்கு மட்டும் தெரிந்த ஒன்றைச் சொல்லாமல் விட்டிருந்தால், அன்றைக்கு நான் என் கண்ணுக்கே குறைந்துதான் போயிருப்பேன். அதை அவரிடம் எப்படிச் சொல்வது? பஸ் போய்விட்டது.

ஐப்பசியில் துப்பாக்கி திரும்பி வந்தது. குற்றம் ஒன்றும் இல்லையாம். அட்டையைக் கழற்றிக்கூட எடுக்கவில்லை. வீட்டுக்கு வந்ததும் கேத்தலை வைத்தேன், இந்தத் தடவை எங்கள் அடுப்பிலேயே. அம்மா தடுக்கவில்லை. கொதிக்கக் கொதிக்க ஊற்றினேன். மூக்கு வழியாக ஒரு சொட்டு வரவில்லை. தண்ணீர் குழலின் வாய் வரைக்கும் நிறைந்து அப்படியே நின்று ஆறியது. மண்ணெண்ணெயில் ஊறப்போட்டேன். ஊசியால் குத்தினேன். நாலாம் நாள் அடைப்பு விட்டு, வெற்றிலைச் சாறு மாதிரிச் சிவப்பாக வந்தது. அடுத்த நாளும் அப்படியே. அதற்கடுத்த நாளும்.

அப்பா தொழிற்சாலையிலிருந்து ஒரு சின்ன பல்பைக் கம்பியில் கட்டிக் கொண்டுவந்து, உள்ளே விட்டுப் பார்த்தார்.

"பெரியம்மை கண்ட மூஞ்சி மாதிரி இருக்கு. இதுல மருந்த வச்சா மொதல்ல போறது ஒன் கண்ணுதான்." பல்பை வெளியே எடுத்தார். "சாயங்காலமும் அதே நாள்தான்னு சொன்னியே" என்று மட்டும் சொல்லிவிட்டுப் போனார்.

வெளிப்புறமும் மாறியிருந்தது. குதிரைகள் கறுத்திருந்தன. செதுக்கலின் பள்ளங்களில் துரு ஏறியிருந்தது. கட்டை வெடித்திருந்தது.

மார்கழியில் மறுபடி அதே விறாந்தை. புதுக் கிளாக்கர், புது இன்ஸ்பெக்டர். கையேட்டை வீட்டில் வைத்துவிட்டு வந்திருந்தேன். சுட முடியாத துப்பாக்கிக்கு லைசன்ஸ் எதற்கு என்று நீங்கள் கேட்கலாம். அப்பாவும் கேட்டார். லைசன்ஸ் இல்லாவிட்டால் அதை ஒப்படைக்க வேண்டும். அதைப் பார்க்காமல் இருக்கிற வசதியை எனக்கு நானே கொடுத்துக்கொள்ள விரும்பவில்லை.

இன்ஸ்பெக்டர் துருவை விரலால் தொட்டு, விரலைக் கால்சட்டையில் துடைத்தார்.

"பழசா?"

"ஆமாங்க சேர்" என்றேன். "ரொம்பப் பழசு."

கிளாக்கர் தலைநிமிராமல் முத்திரையைக் குத்தினார். எனக்குப் பின்னால் நின்றவர் முன்னே வந்தார்.